ஊரின் கதை எந்த இறாக்கையில்?

மாரி வெள்ளாமை அறுத்து, சூடு அடித்து, நெல்லும் வீடு வந்து சேர்ந்துவிட்டால் படுவான்கரையில் ஓர் ஓய்வு பிறக்கும். வயலில் நின்றவர்கள் வாசலில் அமர்ந்து பேசுவார்கள். கோயிற் சடங்குகளுக்கு நாட்குறிப்பார்கள். மாணாக்கரோ அக்காலத்திலேதான் ஆசிரியர் கொடுத்த ஒப்படைகளை நினைத்து விழிப்பார்கள். இவ்வாண்டு அப்படி விழித்த மாணாக்கன் ஒருவனால் நாம் கற்றுக்கொண்ட பாடத்தையே இந்த வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள எண்ணுகின்றோம்.

‘எனது ஊரின் வரலாறு’ என்பது நாம் கொடுத்த தலைப்பு. வெல்லாவெளியைச் சேர்ந்த அம்மாணாக்கன் ஒரு வாரம் கழித்து வெறுங்கையுடன் வந்து நின்றான்.

“சேர், வாசிகசாலை முழுக்கத் தேடிப் பாத்திட்டன். நம்மட ஊரைப் பத்தி ஒண்டுமில்ல,” என்றான். சற்றுத் தயங்கி, “நம்மட ஊருக்கு வரலாறு இல்லப் போல,” என்றும் சொன்னான்.

முதல் வாக்கியம் நம்மை வருத்தவில்லை, இரண்டாவது வருத்தியது. தேடியது கிடைக்காதபோது, தேடிய முறை பிழைத்ததோ என்று ஐயுறாமல், தேடப்பட்ட பொருளே இல்லை என்று இளம் உள்ளம் முடிவு கட்டிவிடுகின்றது. அம்முடிவோடு அவன் பள்ளியை விட்டுச் சென்றானாயின், பின்னர் வாழ்நாள் முழுவதும் தன் ஊரை வெறுமையான இடமாகவே எண்ணிக்கொண்டிருப்பான். ஆகவே அடுத்த சனிக்கிழமை காலை அவனையும் அழைத்துக்கொண்டு நாமே பொது நூலகத்துக்குச் சென்றோம்.

அவன் தேடிய இடத்தை முதலிற் காட்டினான். ‘வரலாறு’ என்று எழுதப்பட்ட இறாக்கை அது. அநுராதபுரத்து மன்னர்கள் இருந்தார்கள், பொலனறுவை இருந்தது, கண்டி இராச்சியமும், போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும் இருந்தார்கள். போரதீவுப்பற்று என்ற பெயரைக் கூட அங்கே காணவில்லை. மாணாக்கன் கூறியது பொய்யன்று.

இங்கே நூலகங்கள் தம் நூல்களை அடுக்கும் முறையைச் சிறிது விளக்குதல் தகும். மெல்வில் தூயி என்ற அமெரிக்கர் 1876ஆம் ஆண்டில் ஒரு பகுப்பு முறையை வெளியிட்டார். அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் பப்பத்தாக மேலும் பகுத்துக்கொண்டு செல்வது அம்முறை. நம் நாட்டுப் பொது நூலகங்களில் நூலின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் அம்முறையைத் தழுவியதே. 954.93 என்றால் இலங்கை வரலாறு. 894.811 என்றால் தமிழ் இலக்கியம். 294.5 இந்து சமயம்; 390 வழக்கங்கள்; 398 நாட்டார் வழக்காறு; 780 இசை; 792 அரங்கக் கலை. இந்த எண்கள் பொருளைப் பார்த்து இடப்படுவன. ஊரைப் பார்த்து இடப்படுவனவல்ல. ஓர் ஊரிலோ வழிபாடும், பாட்டும், கூத்தும், மருத்துவமும், வழக்கும் ஒரே முற்றத்தில் நிகழ்கின்றன. அந்த ஊரை நூல்களாக்கி நூலகத்திற் சேர்த்தால், அது பத்து இறாக்கைகளிற் சிதறிப்போகின்றது. வரலாற்று இறாக்கையில் மட்டும் அதைத் தேடுபவன், வீட்டுக்காரரை அடுக்களையில் மட்டும் தேடிவிட்டு ‘வீட்டில் ஆளில்லை’ என்று திரும்பியவனை ஒப்பான்.

இதனை உணர்த்தியபின், இருவருமாக இறாக்கை இறாக்கையாக நடந்தோம். அங்கே கிடைத்தவற்றையும், கிடைக்காது பிற நூலகங்களில் நாம் முன்பு பயின்றவற்றையும் சேர்த்து, ஒரு பட்டியல் எழுதுவித்தோம்.

பட்டியலில் முதலிடம் பெற்றது பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’. நாட்டுப் பாடல், பேச்சு வழக்கு, கூத்து, கோயில் வழிபாடு என்று இப்பகுதி மக்களின் வாழ்வை ஒரு நூலுக்குள் அடக்க முயன்ற பெரும்பணி அது. இன்று இறந்துகொண்டிருக்கும் பல சொற்கள் அதனுள்ளே உயிரோடு இருக்கின்றன.

அடுத்தது, எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இற் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’. ஏடுகளில் வழங்கிய பழைய செய்திகளின் தொகுப்பாகிய அந்நூல், கோயில்களின் உரிமைகளையும் குடிகளின் வரிசைகளையும் விரித்துரைக்கின்றது. 1215இல் இலங்கையின் மீது படையெடுத்து வந்த கலிங்க மாகனை மாகோன் என்று போற்றி, இந்நாட்டின் ஒழுங்குகள் பலவற்றை அவன் வகுத்தவையாகக் கூறுகின்றது. மாணாக்கன் மிக மகிழ்ந்து, அதனை அப்படியே எழுதிக்கொள்ள முற்பட்டான். நாம் தடுத்தோம். அந்நூல் ஒரே காலத்தில் ஒருவரால் எழுதப்பட்டதன்று. பல காலத்துச் செய்திகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. மன்னன் ஒருவனைப் பற்றி அது சொல்வது, அம்மன்னன் காலத்து உண்மையா, அன்றி அதனை எழுதியவர்கள் காலத்து விருப்பமா என்று ஒவ்வோரிடத்திலும் கேட்டுப் பார்க்கவேண்டும். ‘எங்களுக்கு இந்த உரிமையை மாகோன் தந்தான்’ என்று ஒரு கூட்டத்தார் எழுதிவைத்தார்களாயின், அதிலிருந்து மாகோனைப் பற்றி அறிவது சிறிது. உரிமைக்காக அக்கூட்டத்தார் கொண்ட கவலையைப் பற்றி அறிவதே பெரிது. அக்கவலையும் வரலாறுதானே!

இதற்குத் துணையாக வேறு வகை நூல்களையும் ஒப்புநோக்கச் சொன்னோம். மட்டக்களப்பில் ஒல்லாந்தரின் அதிகாரியாக இருந்த ஜேக்கப் பேர்னண்ட் 1794இல் எழுதிவைத்த ஆட்சிக் குறிப்பு உண்டு. கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் அச்சிட்ட முக்குவர் சட்ட நூல் உண்டு. இங்கு தாய்வழியே சொத்துரிமை சென்ற முறையை அது காட்டும். எஸ். ஓ. கனகரத்தினம் அவர்கள் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூலும் உண்டு. மண்டூர்க் கோயிலை மையமாக வைத்து மார்க் விற்றேக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய நூல் 1999இலும், கிழக்குக் கரைத் தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரின் சமுதாயத்தைப் பற்றி டெனிஸ் மக்கில்வ்றே எழுதிய பெருநூல் 2008இலும் வெளிவந்தன. மண்டூர் போரதீவுப்பற்றிலேயே உள்ளது. கடல் கடந்து வந்தவர் நம் பற்றில் ஒரு நூலுக்கு வேண்டிய செய்தியைக் கண்டார். நம் மாணாக்கனோ ஒன்றுமில்லை என்றான். கூர்மையிற் குறைந்தவன் அல்லன் அவன். எங்கே பார்ப்பது என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாதோருள் நாமும் ஒருவர்.

இலக்கிய இறாக்கையில் ‘கண்ணகி வழக்குரை’யைக் கண்டோம். இதுவும் வீ. சீ. கந்தையா அவர்கள் 1968இற் பதிப்பித்ததே. வைகாசி மாதம் கண்ணகை அம்மன் கோயில்களிற் கதவு திறந்து சடங்கு நடைபெறும்போது பாடப்படும் காவியம் இது. குளிர்த்திப் பாடலைக் கேளாத குழந்தை இப்பகுதியில் இல்லை. ஆயினும், தான் ஆண்டுதோறும் கோயிலிற் கேட்கும் பாட்டு அச்சு நூலாகி, தமிழ் இலக்கிய இறாக்கையில் மற்றக் காவியங்களோடு வரிசையில் நிற்கின்றது என்பது மாணாக்கனுக்குப் புதுமையாக இருந்தது. கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கோவலன் கட்சியாகவும் கண்ணகி கட்சியாகவும் நின்று இழுப்பதும் இக்கதையின் தொடர்ச்சியே. கதை 894.811இல், வழிபாடு 294.5இல், விளையாட்டைத் தேடுவோர் 390இற்குச் செல்லவேண்டும். மூன்றும் ஒன்று என்பதை ஊர் அறியும், எண் அறியாது.

இசை இறாக்கைக்கு உரியது சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’. காரைதீவிற் பிறந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் இசைச் செய்திகளிலிருந்து தொடங்கி, பண்டைத் தமிழர் கையாண்ட யாழ்க் கருவிகளின் இலக்கணத்தைக் கணித்துக் காட்டிய நூல் அது. 1947ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

இவ்விடத்தில் ஓர் ஆண்டைக் குறிப்பிட விழைகின்றோம். விபுலாநந்த அடிகள் பிறந்தது 1892இல். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றியதும் 1892இல். ஏட்டிற் கிடந்த காவியம் அச்சுக்கு வந்த ஆண்டிலேயே, அதிலிருந்து யாழை மீட்கப்போகும் குழந்தை வாவிக்கரையிற் பிறந்திருக்கின்றது. இன்னும் ஒன்று: இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீகாழி எஸ். ஆர். இரங்கநாதனும் 1892இற் பிறந்தவரே. நூலக விதிகள் ஐந்தை 1931இல் வகுத்துத் தந்தவர் அவர். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. ஏட்டை அச்சாக்கியவர், அச்சிலிருந்து ஆய்வு செய்தவர், ஆய்வை வாசகரிடம் சேர்க்கும் வழி வகுத்தவர் ஆகிய மூவரின் தொழிலும் சேர்ந்தே ஒரு நூலகத்தை நிறைவாக்குகின்றன. மூவருள் ஒருவர் குறைந்தாலும் வாசகன் வெறுங்கையுடன் திரும்புவான்.

நிற்க. பட்டியல் ஒருவாறு முடிந்தபோது, மாணாக்கன் நியாயமான வினா ஒன்றைக் கேட்டான். “சேர், இதெல்லாம் மட்டக்களப்பு. வெல்லாவெளி எங்க?”

அதற்கு அந்த நூலகத்தில் விடையில்லை. காரணம் எளிது. ஓர் ஊரின் செய்தி பெருநூலாக வெளிவருவது அரிது. கோயிற் குடமுழுக்கு மலரில், பாடசாலை ஆண்டு மலரில், இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாளில் வழங்கும் கல்வெட்டு என்ற சிறு புத்தகத்தில், கூத்துக் கொப்பியில், கோயிற் கணக்கேட்டில்தான் அது பதிவாகின்றது. இவற்றை நாம் புத்தகம் என்று மதிப்பதில்லை. கல்வெட்டைப் படித்துக் கண்ணீர் விட்டு, ஆண்டுத் திவசம் முடிந்ததும் எங்கோ செருகிவிடுகின்றோம். மலரின் தாளிற் கடலை சுற்றப்படுவதையும் கண்டிருக்கின்றோம்.

மதித்தவர் ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பெயர்ப்பலகை எழுதும் தொழிலோடு வாழ்வைத் தொடங்கிய ரோஜா முத்தையா, பழைய தமிழ் நூல்களோடு நாடக விளம்பரத் தாள்களையும், திருமண அழைப்பிதழ்களையும் கூட விடாமற் சேர்த்துவைத்தார். பித்து என்று சிரித்திருப்பார்கள் அயலார். அவர் 1992இல் மறைந்தபின், அத்தொகுப்பைச் சிக்காக்கோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இற் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழரின் அன்றாட வாழ்வை ஆராய்வோர் அங்கே செல்லாமல் இருக்கமுடியாது.

வெல்லாவெளியைத் தேடி, நாமும் மாணாக்கனும் அயலூரில் வாழும் அண்ணாவியார் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். எண்பதை நெருங்கும் வயது. வடமோடிக் கூத்தில் அவர் பழக்கிய களரிகளை இப்பகுதியார் இன்றும் சொல்வர். அவருடைய தந்தையார் கையால் எழுதிய ‘பதினெட்டாம் போர்’க் கொப்பி அவரிடம் உண்டென்று கேள்விப்பட்டிருந்தோம்.

விறாந்தையில் பாய் போட்டு இருத்தினார்; தேநீர் தந்தார். கொப்பி என்ற சொல் வந்ததும் முகம் மாறியது.

“முன்னம் ஒருத்தர் வந்து வேற ஒரு கொப்பி கேட்டு வாங்கிப் போனவர். ரெண்டு நாளில தாறன் எண்டவர். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியல்ல,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. “இது ஒண்டுதான் மிச்சம். நான் போகக்குள்ள என்னோட போகட்டும்.”

அவர் கூறிய கதையைச் சுருக்கமாகத் தருகின்றோம். பாட்டனார் காலத்து ஏடு 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்திற் போயிற்று. தந்தையார் மனப்பாடமாக இருந்ததையெல்லாம் அடுத்த ஆண்டு ஒரு தடித்த கொப்பியில் எழுதினார். 1978ஆம் ஆண்டு கார்த்திகை 23ஆம் நாள் சூறாவளி கூரையைப் பெயர்த்தபோது, தாயார் அக்கொப்பியைக் கவிழ்த்த கிடாரத்தின் கீழ் வைத்துக் காத்தார். 2007 பங்குனியில் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தபோது, மெழுகுசீலையிற் சுற்றி இடுப்பிற் கட்டிக்கொண்டு நடந்தார் அண்ணாவியார். 2011 தை மாத வெள்ளத்தில் அது வளையிற் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நீருக்கும் காற்றுக்கும் போருக்கும் தப்பிய ஒன்றை, ‘நூலகத்துக்குக் கொடுங்கள்’ என்று நாம் எந்த முகத்துடன் கேட்பது?

அப்பொழுது மாணாக்கன் பேசினான். “கொண்டு போகல்ல அப்பா. இஞ்ச, உங்கட விறாந்தையில இருந்தே எழுதிறன். ஒவ்வொரு சனியும் வாறன்.”

முதியவர் அவனை நெடுநேரம் பார்த்தார். “எழுத்துப் பிழை விடுவியா மனே?” என்றார்.

“விடுவன். நீங்க திருத்துங்க.”

அவ்வாறே முடிவாயிற்று. எட்டுச் சனிக்கிழமைகள் சென்றன. மாணாக்கன் கைத்தொலைபேசியால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்தான்; கையாலும் எழுதினான். எழுதும்போது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாவியார், அடிக்கடி குறுக்கிட்டார். கொப்பியில் ஒரு முறை எழுதப்பட்ட அடி, களரியில் இரு முறை வரும். இரண்டாம் முறை பிற்பாட்டுக்காரர் எடுப்பார். வரவாட்டத்துக்குரிய தாளக்கட்டு கொப்பியில் இல்லவே இல்லை. அது அவர் நாவிலும், மத்தளக்காரர் விரலிலும் இருந்தது. எழுதப்பட்டது பாதி, எழுதப்படாதது பாதி என்பதை அப்போதுதான் நாமும் உணர்ந்தோம். அந்த மறுபாதியை அவர் குரலிலேயே பதிவு செய்துகொண்டான் மாணாக்கன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘அலங்காரரூபன் நாடக’த்தைப் பதிப்பித்து, கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கும் கொண்டுசென்ற வரலாறும், பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்ற ஆய்வு 1998இல் நூலான வரலாறும் எம் பட்டியலில் இருந்தன. அப்பெரியோர்கள் எத்தனை விறாந்தைகளில் இவ்வாறு அமர்ந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

எட்டாம் சனிக்கிழமை கொப்பியின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தான். பாட்டு முடிந்துவிட்டது. ஆனால் எழுத்து முடியவில்லை. களரி கண்ட ஆண்டுகளும், சட்டங் கொடுத்த நாளும், எந்த வேடத்தை யார் ஆடினார் என்ற பெயர்களும், விளக்குக்கும் மத்தளத்துக்கும் உடுப்புக்கும் ஆன செலவும் தந்தையார் கையால் எழுதப்பட்டிருந்தன. 1961ஆம் ஆண்டுப் பட்டியலைப் படித்துக்கொண்டு வந்தவன், ஓரிடத்தில் நின்றுவிட்டான். அவ்வாண்டு தருமர் வேடம் பூண்டவர் வெல்லாவெளியிலிருந்து நாள்தோறும் நடந்து வந்து பழகிய ஒருவர் என்று எழுதியிருந்தது. அப்பெயர் அவனுடைய பூட்டனாருடையது.

“அவரா? நல்ல சாரீரம். வெல்லாவெளியில பாடினா இஞ்ச கேக்கும் எண்டு அப்பா சொல்லுவார்,” என்றார் அண்ணாவியார்.

தன் ஊருக்கு வரலாறில்லை என்று சொன்ன பையன் அன்று வீட்டுக்குப் போய் என்ன சொன்னானோ அறியோம். மறுநாள் அவனுடைய பாட்டியார் நம்மைக் காண வந்து, தம் தந்தையின் பெயர் எழுதப்பட்ட பக்கத்தின் படத்தைக் காட்டுமாறு கேட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எந்த வரி என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார்.

ஒரு செய்தியை மறைக்காமற் சொல்லவேண்டும். கணக்குப் பக்கம் ஒன்றில் பணம் பற்றிய சச்சரவு ஒன்று பெயர்களோடு எழுதப்பட்டிருந்தது. ‘அதை எழுதாதே, அவர்களின் பிள்ளைகள் ஊரில் இருக்கின்றார்கள்’ என்றார் முதியவர். மாணாக்கன் அவ்வரிகளை விட்டான். ஆனால் ‘இங்கே சில வரிகள் உரிமையாளரின் விருப்பப்படி விடப்பட்டன’ என்று குறித்தான். உள்ளதை ஒளித்துவிட்டு முழுமை என்று காட்டுவது வரலாற்றுக்குத் துரோகம். ஊராரின் மனத்தை நோகடிப்பது ஊருக்குத் துரோகம். இரண்டுக்கும் இடையே அவன் கண்ட வழி நமக்குத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

இனி, நேயர்கள் சிந்திப்பதற்குச் சில சொல்கின்றோம். அச்சான நூல்களுக்கு நம் நாட்டில் ஒரு காப்பு உண்டு. 1885ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம், அச்சிடப்படும் நூல்களின் பிரதிகளை அரசுக்கு அளிக்கவேண்டுமென்று விதித்தது; கொழும்பு அரும்பொருட்சாலை நூலகம் அவ்வழியே வளர்ந்தது. தேசிய நூலகம் 1990இற் பிறந்தது. கையெழுத்துக் கொப்பிக்கோ எந்தச் சட்டமும் இல்லை. வீட்டாரின் அன்பே அதற்குச் சட்டம். ஓரிடத்தில் மட்டும் சேர்ப்பதும் காப்பாகாது. 1981ஆம் ஆண்டு வைகாசி முடியும் நாளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் ஓரிரவிற் சாம்பராயின என்பதைத் தமிழர் எவரும் மறந்திலர். ஆகவே மூலம் உரியவரிடமே இருக்கட்டும். படி ஒன்று ஊர் நூலகத்தில் இருக்கட்டும். இன்னொரு படி, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற தொலைவிடம் ஒன்றிற் சேரட்டும். மூன்றும் ஒருசேர அழிய வேண்டுமாயின் ஊழ் மிகவும் முயலவேண்டியிருக்கும்.

ஊர் நூலகங்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. ஓர் அலுமாரியை, ஒன்று இயலாதாயின் ஒரு தட்டையேனும், ஊருக்கென்று ஒதுக்குதல் வேண்டும். அங்கே தூயியின் எண்ணுக்கு முன் ஊரின் பெயரை எழுதுக. மலர், கல்வெட்டு, அழைப்பிதழ், களரி அறிவித்தல் அனைத்தும் அங்கே சேர்க. ‘வேறெங்கே பார்க்க’ என்று ஒரு பட்டியலும் தொங்குக. கண்ணகி வழக்குரை இந்த இறாக்கையில், யாழ் நூல் அந்த இறாக்கையில் என்று. பொருட்செலவு மிகுதியில்லை. ‘வாங்கினோம், இத்தனையாம் நாள் திருப்பித் தந்தோம்’ என்று ஒப்பமிடும் பதிவேடு ஒன்று மிக இன்றியமையாதது. அண்ணாவியாரின் கதவு சாத்தப்பட்டிருந்தது அறியாமையால் அன்று; நம்பிக்கை ஒரு முறை உடைந்ததால். உடைத்தவர் ஒருவர், ஒட்டவேண்டியவர்கள் நாம் அனைவரும்.

வீட்டிற் பழங்கொப்பி வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். அதனைப் பிளாத்திக்கு உறையில் ஒட்டி மூடிவிடாதீர்கள். ஒட்டியதைப் பின்னர் பிரிக்கமுடியாது. எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தனித்தாளிற் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பிள்ளைகளை அழைத்து ஒரு பக்கமேனும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பிழையாகப் படிப்பார்கள்; படிக்கட்டும். பிழையைத் திருத்தும்போதுதான், எழுதப்படாதிருந்தவையும் உங்கள் வாயிலிருந்து வெளிவரும்.

மாணாக்கனின் ஒப்படை குறித்த நாளுக்கு வந்து சேரவில்லை. ஏழு வாரம் பிந்தி வந்தது. விதிப்படி புள்ளிகள் குறைத்தோம். படி எடுத்த கொப்பியை அவன் நூலகத்துக்கு அளித்தபோது, எந்த எண்ணை இடுவது என்று நூலகர் கேட்டார். இலக்கியமா, கூத்தா, வரலாறா என்று மூவரும் சிறிது நேரம் பேசினோம்.

“வெல்லாவெளி எண்டு எழுதுங்க,” என்றான் அவன்.